பிள்ளை வளர்க்கக் கற்றுத் தருகிறவர்

புகார் அநேகமாகப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். சில சமயம் அங்கன்வாடி டீச்சர் சொல்வார். சில சமயம் யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டிருப்பார்கள். காலையில் வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போனால் ராத்திரிதான் வருகிறார்கள், உள்ளே பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்கிறது என்பார்கள். இரண்டு வயது முடியப் போகிறது, பிள்ளை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, தலையெல்லாம் சிரங்கு, கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்பார்கள்.

திருப்பூரில் களப்பணியாளராக இருக்கும் ஒரு பெண் இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். அவர் போகும் குடும்பங்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் அவர் பெயரும் இங்கே இல்லை. அவர் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத தாய் தகப்பனுக்கு, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது.

சட்டம் கையில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு அதற்குத் துன்பம் நேரச் செய்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பெற்றவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது. தான் பார்த்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பிள்ளை மேல் பாசத்துக்குக் குறைவில்லை என்கிறார் அவர். பாசம் இருந்தும் பிள்ளைக்கு எப்போது சோறு, எத்தனை சூடு வந்தால் ஆஸ்பத்திரி, எந்தப் பாட்டில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்ய உடம்பில் தெம்பு இருக்காது.

ஏன் தெம்பில்லை என்பதைத் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால் ஒரு ஷிப்ட் முடிய மாலை ஐந்தரை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை. செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல் என்று பெண்கள் பார்க்கும் பல வேலைகள் நாள் முழுக்க நின்றபடி செய்வது. தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்தவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், எல்லோரும் வரிசையாக அமைந்த ஒற்றை அறை லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அம்மாவும் மாமியாரும் ஊரில். குளிப்பாட்டி, உரம் எடுத்து, மருந்து உரைத்து ஊற்றக் கைகொடுக்கும் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் கிடையாது.

முதல் நாள் போனதும் நாற்காலியில் உட்காருவதில்லை. தரையில் உட்காருவார். கையில் ஃபைலை விரித்து வைக்கவும் மாட்டார். “புகார் வந்திருக்கு, அதனால வந்திருக்கேன்” என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவார். ஒளித்தால் பிறகு எந்த வார்த்தையையும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

“ஏன் மேடம், பெத்த புள்ளைய நாங்களே கெடுப்பமா?” என்று ஒரு தாய் சீறினாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். மடியில் பதினெட்டு மாதக் குழந்தை. வாயில் ஈ மொய்க்கிறது, அவள் ஓட்டவில்லை.

“கெடுக்க மாட்டீங்கம்மா. இன்னைக்குக் காலையில இருந்து பாப்பா என்னென்ன சாப்பிட்டுச்சு, அத மட்டும் சொல்லுங்க.”

காலையில் டீ, பன். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முறுக்கு. பிறகு ஐந்து ரூபாய் பாக்கெட் சிப்ஸ். சாயங்காலம் மறுபடி டீ. அவள் எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தையின் இடது மேற்கையில் அளவு டேப்பைச் சுற்றினார் களப்பணியாளர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள். 11.5-க்கும் கீழே போனால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. டேப் மஞ்சளில் நின்றது. அவர் டேப்பை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். தன் கையால் அளந்து பார்த்த பிறகுதான் அவள் முதல் கேள்வியைக் கேட்டாள்: “இது பச்சைக்கு வர எம்புட்டு நாளாகும்?”

இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி கார்பன்டேல். அங்கே இருந்த பல்கலைக்கழகத்தில் ஜான் லட்ஸ்கர் என்ற நடத்தையியல் ஆய்வாளர் 1979-இல் ‘12 வழிகள்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அரசிடம் புகார் வந்த குடும்பங்களை அலுவலகத்துக்கு வரச்சொல்லி அறிவுரை கூறுவதை விட்டுவிட்டு, பயிற்சி பெற்றவர்களை அவர்கள் வீட்டுக்கே அனுப்பினார். செய்ய வேண்டியதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்வது, செய்து காட்டுவது, பெற்றோரைச் செய்ய வைப்பது, எது சரியாக வந்தது என்று அங்கேயே சொல்வது, அடுத்த வாரம் வந்து மறுபடி பார்ப்பது. இதுதான் முறை. 1990-களில் இந்த முறை கலிபோர்னியாவில் மூன்று பாடங்களாகச் சுருங்கி ‘சேஃப்கேர்’ ஆனது. வீட்டில் ஆபத்தைக் குறைப்பது, பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள்வது, பிள்ளையோடு பேசிப் பழகுவது. ஐந்து வயது வரையான பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கானது அது.

திருப்பூர்க்காரரும் இதே மூன்றைத்தான் பிடித்துக்கொண்டார். பாடத்தை மட்டும் லைன் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்.

முதலில் வீடு. தாயையும் கூட்டிக்கொண்டு அவர் தரையில் முட்டி போடுவார். பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலிருந்து அறையைப் பார்க்க வேண்டும். நின்று பார்க்கும்போது கண்ணில் படாததெல்லாம் அப்போது தெரியும். கட்டிலுக்கு அடியில் எலி பேஸ்ட். கொங்குப் பக்கத்தில் வாசல் தெளிக்கக் கரைக்கிற சாணிப் பவுடர் பொட்டலம், அடுப்பு மேடைக்குக் கீழே தீப்பெட்டியோடு சேர்ந்து கிடக்கும். செல்போன் சார்ஜர் பிளக்கிலேயே தொங்கும், மறுமுனை பிள்ளையின் வாய்க்கு எட்டும். அயர்ன் பாக்ஸ் வயர் மேஜையிலிருந்து கீழே வழிந்திருக்கும். குடிதண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் மூடி இல்லாத டிரம், பக்கெட், அண்டா எல்லாம் நிறைந்து நிற்கும்.

எதுவும் சொல்லித் தர மாட்டார். “பாப்பா கைக்கு எட்டுறதுல எது எது ஆபத்து, நீங்களே எண்ணுங்க” என்பார். ஒரு தாய் எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, எலி பேஸ்ட்டை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டாளாம். ஆள் பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்ததும்தான் அவர் விளக்கினார். பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். கொஞ்சம் உள்ளே போனாலும் ஈரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. சாணிப் பவுடரின் மஞ்சள் நிறம் ஆரமின் என்ற சாயம், பச்சை நிறம் மேலக்கைட் கிரீன். இரண்டும் விஷம். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை பக்கெட்டில் தலைகுப்புற விழுந்தால், எழ முடியாமல் மூழ்கிப்போக அரையடித் தண்ணீர் போதும்.

பிறகு மாற்றுவது. அதற்குப் பணம் தேவைப்படாத வழியைத்தான் தேடுவார். சாக்குப் பையில் எல்லாப் பாட்டிலையும் போட்டு ஆணியில் தலைக்கு மேலே மாட்டுவது. டிரம்முக்குப் பழைய பலகையும் மேலே ஒரு கல்லும். சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கிச் சுருட்டி மேலே வைப்பது. அடுத்த முறை போகும்போது அந்தத் தாயே முட்டி போட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அதைக் காலண்டர் தாளில் தேதியோடு எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். 1984-இல் லட்ஸ்கரின் குழு வெளியிட்ட வீட்டு விபத்துத் தடுப்புப் பட்டியலும் இப்படித்தான் வேலை செய்தது. தீ, மின்சாரம், விஷம், மூச்சுத்திணறல் என்று ஆபத்துகளை வகை பிரித்து, குழந்தைக்கு எட்டக்கூடியவற்றை மட்டும் எண்ணியது. அந்த ஊருக்குத் துப்பாக்கியும் ஒரு வகை. திருப்பூருக்குச் சாணிப் பவுடர்.

இரண்டாவது பாடம் உடம்பு. இதில் அவர் அதிக நேரம் செலவிடுவது பேதிக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை வாங்கி வைத்திருப்பார்கள், கரைக்கத் தெரியாது. “கொஞ்சமா போட்டாப் போதும்னு நெனச்சேன்” என்று கால் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்து மீதியை மடித்து வைத்திருந்தாள் ஒரு பெண். ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு அதிகமாகி பிள்ளைக்கே ஆபத்து, கூடினால் பலன் இல்லை. ஆனால் ஒரு லிட்டரை எப்படி அளப்பது? லைன் வீட்டில் அளவு ஜாடி ஏது? அவர் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கழுவச் சொல்வார். கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, பாக்கெட்டை முழுசாகக் கொட்டி, மூடிக் குலுக்கி, தாயையே ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்வார். கண்ணீர் கரிக்கிற அளவுக்கு மேல் கரிக்கக் கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. கூடவே ஜிங்க் மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்ற மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மாத்திரை அட்டையின் மேலேயே தேதி எழுத வைப்பார்.

இன்னொரு வழக்கத்தையும் அவர் பல வீடுகளில் பார்த்திருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்குப் பகலில் தூக்கம் வேண்டும். பிள்ளை தூங்காது. மெடிக்கலில் கிடைக்கும் சளி மருந்தை ஒரு மூடி ஊற்றினால் தூங்கிவிடும். இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் செய்வது ஆபத்து. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அந்தச் சின்ன எழுத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டி, வாசிக்கத் தெரிந்தவரை வாசிக்க வைப்பார். பிறகு, பகலில் இருவரில் யார் எப்போது தூங்குவது என்று கணவனையும் மனைவியையும் உட்கார்த்தி நேரம் பிரிப்பார். மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தூக்கத்துக்கு வழி சொல்லாமல் வந்தால், மறுநாளே பாட்டில் திறக்கப்படும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது பாடம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். பிள்ளையோடு பேசுவது.

முதலில் சொன்ன பெண்ணின் வீட்டில் குழந்தை அழும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பக்கூட மாட்டாள். ஏன் என்று களப்பணியாளர் கேட்கவில்லை. அவளோடு சேர்ந்து அரிசி பொறுக்கினார், துணி மடித்தார். நாளாக ஆக அவளே சொன்னாள். “பதினாலு வயசுல மில்லுக்குப் போயிட்டேன்க்கா. ஹாஸ்டல்ல விட்டாங்க. வருசம் முடிஞ்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. அங்க அழுதா வார்டன் திட்டும். அழுகையக் கேட்டாலே எனக்கு இன்னும் கை நடுங்கும்.” ‘மேடம்’ என்றவள் ‘அக்கா’ என்றது அன்றைக்குத்தான். திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, பதின்வயதுப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கியது மேற்கு மாவட்டங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர்பெற்றது. கைக்குழந்தையை மடியில் வைத்துப் பழக வேண்டிய வயதில் அந்தப் பெண்கள் ஸ்பின்னிங் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1975-இல் இதே மாதிரி ஒரு தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐந்தரை மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது, தாய்க்குக் கேட்பதாகவே தெரியவில்லை. அந்தத் தாயும் சிறுவயதில் பலர் கைமாறி வளர்ந்தவர். அவருடைய துக்கத்தை ஒருவர் உட்கார்ந்து கேட்ட பிறகுதான், அழும் குழந்தையை அவரால் வாரி எடுத்து அணைக்க முடிந்தது. ஃப்ரைபெர்க்கின் குழுவினரும் வீட்டுக்கே போனவர்கள், சமையலறையில் உட்கார்ந்து சிகிச்சை செய்தவர்கள்.

பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வும் இந்த மாதிரி அலட்சியமாகத்தான் வெளியே தெரியும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், மருத்துவர்களை அனுப்பாமல் ஊர் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது வழக்கமான கவனிப்பு பெற்ற தாய்மாரில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் போய்வந்த வீடுகளில் அது 23 சதவீதம். அதனால் நம் களப்பணியாளர், தாயின் தூக்கத்தையும் பசியையும் விசாரிக்காமல் பிள்ளைப் பாடத்தைத் தொடங்குவதில்லை. சோர்வு கனமாகத் தெரிந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போய் வருவார்.

பேச்சைக் குளியலில் தொடங்குவார். குளிப்பாட்டும்போது எதைச் செய்கிறோமோ அதைச் சொன்னால் போதும். “கை எங்க? கை குடு. இந்தா தண்ணி. சூடா இருக்கா?” முதலில் அவர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே சொல்வார், பிறகு தாய் சொல்ல வேண்டும். பலருக்கு வெட்கமாக இருக்கும். பேசத் தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்பார்கள். குழந்தை ஒரு சத்தம் போட்டுவிட்டு, பதிலுக்காக முகத்தைப் பார்க்கும். அந்த நொடியில் தாய் சிரித்தால் குழந்தை இன்னொரு சத்தம் போடும். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்த நாளை இவர் மறக்கவில்லை. “என்னையத்தான்க்கா பாக்குது” என்றாளாம், ஆச்சரியப்பட்டு.

பொம்மைக்குத் திருப்பூரில் பஞ்சமே இல்லை. கம்பெனி வாசலில் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட். அதைச் சுருட்டித் தைத்தால் பந்து, நீளமாகக் கட்டினால் பொம்மை, ஐந்து நிறத்தை அடுக்கினால் நிறம் கற்றுக்கொள்ளும் பாடம். காலி பாட்டிலில் பயறு போட்டு மூடியை இறுக ஒட்டினால் கிலுகிலுப்பை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் 1986-இல் தொடங்கிய திட்டமும் வீட்டில் செய்த பொம்மைகளை வைத்துத்தான் நடந்தது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம், ஊர் சுகாதாரப் பணியாளர் போய்த் தாயையும் பிள்ளையையும் விளையாட வைத்தார். இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

தகப்பன்மாரை அவர் விடுவதில்லை. சம்பளம் போடும் சனிக்கிழமை இரவு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றிப் பேசும் முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவார். தலை வலியோடு உட்கார்ந்திருக்கும் ஆளின் கையில் பிள்ளையையும் சோப்பையும் கொடுப்பார். ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கிற விரலுக்குக் குழந்தையின் நகம் வெட்டுவது பெரிய வேலை இல்லை என்பார். சிலர் பிடித்துக்கொண்டார்கள். குடி நிற்காத வீடுகளும் உண்டு. அங்கே பிள்ளைக்கான பணத்தைச் சனிக்கிழமை மாலைக்கு முன்பே மளிகைக் கடையில் கட்டிவிட மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்க வேண்டியிருக்கிறது.

கற்றுக்கொடுப்பது எல்லா வீட்டிலும் பலிப்பதில்லை. சிவப்பு டேப் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் மறுத்த வீடு உண்டு. பிள்ளை உடம்பில் சூடு வைத்த தழும்பு இருந்த வீடு உண்டு. அங்கே அவர் பாடம் நடத்துவதில்லை, குழந்தைகள் நலக் குழுவுக்கு அன்றைக்கே தகவல் போகும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும். விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. தாத்தா பாட்டி, சித்தி என்று பார்க்க ஆள் இருந்தால் அங்கே அனுப்பி, அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தும் விவரம் தெரியாத குடும்பங்களுக்கு விண்ணப்பத்தை அவரே நிரப்பித் தருகிறார்.

இப்படி வீட்டுக்குப் போவதால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அவர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சொல்வார். புகார் வந்த 2,175 பெற்றோரை ஆறு வருடம் பின்தொடர்ந்து மார்க் சாஃபின் குழுவினர் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த இரு தரப்பினர் வீட்டுக்கும் பணியாளர்கள் போனார்கள். சேஃப்கேர் பாடங்களைப் படிப்படியாகச் செய்ய வைத்த தரப்பில், அத்திட்டத்துக்கு உரிய சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மீது மறுபடி புகார் வருவது ஆறில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை குறைந்தது. வீட்டுக்குப் போவது மட்டும் போதவில்லை. போய் என்ன செய்கிறோம் என்பதில் வித்தியாசம் இருந்தது.

அப்படியும் அவருக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உண்டு. ஆனால் அவை பிற்பகலோடு மூடிவிடும், கம்பெனியின் தையல் மிஷின்கள் இரவு எட்டரை வரை ஓடும். இடையில் இருக்கும் அந்த நாலைந்து மணி நேரத்தில் பல கதவுகள் வெளியே பூட்டப்படுகின்றன. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-இல் மகப்பேறு பலன் சட்டத் திருத்தம் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி, தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. அவர் போகும் லைன் வீடுகளில் தாய்மார் வேலை பார்ப்பது பெரும்பாலும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களில். இருபது பேர், முப்பது பேர். அந்தச் சட்டங்களின் எண்ணிக்கைக்கு அவை எட்டுவதில்லை.

அதனால் அவர் இப்போது காம்பவுண்டு காம்பவுண்டாக ஒரு வயதான பெண்ணைத் தேடுகிறார். ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே மூன்று பாடத்தை நடத்துகிறார்: முட்டி போட்டு எண்ணுவது, ஒரு லிட்டர் பாட்டிலில் கரைப்பது, குளிப்பாட்டும்போது பேசுவது. மேலதிகாரிகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு மாத அறிக்கையிலும், எந்தெந்த வார்டில் எத்தனை பிள்ளைகள் மாலை நாலு மணிக்கு மேல் பார்க்க ஆளில்லாமல் இருக்கிறார்கள் என்று தெருப்பெயரோடு எழுதி, அந்த வார்டுகளின் அங்கன்வாடி ஒன்றையாவது இரவு ஒன்பது வரை திறந்து வைக்கக் கேட்கிறார். ஒரு ஆயாவும் ஒரு டீச்சரும் கூடுதலாகப் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி பருப்பு ஒதுக்கினால் போதும், இடமும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறார்.